ஒளுவுக்கு ஏற்ற தண்ணீர் குடிக்கவும் ஏற்றதா?

மேட்டூரைச் சுற்றி வாழும் நமக்குத் தண்ணீரில் ஒரு விசித்திரமான நிலை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணையில் 120 அடி வரை காவிரித் தண்ணீர் தேங்குகிறது. சேலம் மாநகருக்குக் குழாயில் போகும் குடிநீரும் இங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் நம்மில் பல குடும்பங்கள் வீட்டுக் கிணற்றையோ, தெரு அடிபம்பையோ, பக்கத்து வீட்டு போரையோதான் நம்பியிருக்கின்றன. சில வீடுகளில் ஆண்டு முழுவதும் குடிப்பது கிணற்றுத் தண்ணீரைத்தான்.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரா என்று எப்படி முடிவு செய்கிறோம்? தெளிவாக இருக்கிறதா, நாற்றம் வருகிறதா, உப்புக் கரிக்கிறதா என்று பார்க்கிறோம். ஒளுவின் சட்டங்களைப் படித்தவர்களுக்கு இது பழகிய வழிதான். தண்ணீரின் நிறம், மணம், சுவை மாறிவிட்டதா என்று பார்ப்பதை மத்ரஸாவில் சிறு வயதிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அது வணக்கத்திற்கான தூய்மையின் அளவுகோல். அதில் சந்தேகம் இருந்தால் இமாமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். நம் குடலுக்கும் எலும்புக்கும், கைக்குழந்தையின் ரத்தத்திற்கும் அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி. நம் பகுதிக் கிணறுகளில் கவனிக்க வேண்டிய முக்கியமான கேடுகள் மூன்று: நோய்க்கிருமி, நைட்ரேட், ஃபுளோரைடு. குடிநீரில் கேடு செய்யும் அளவில் இருந்தாலும் இந்த மூன்றையும் கண்ணாலும் மூக்காலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. எனவே பளிங்கு போன்ற, ஒளுவுக்குத் தாராளமாக ஏற்ற தண்ணீரும் குடிக்கத் தகாததாக இருக்கலாம்.

கிணற்றுக்குள் தண்ணீர் வரும் வழி

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் அடியில் இருப்பது கடினமான பாறை. மேலே சில அடி மண், அதன் கீழே மக்கி உதிரும் பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள் கொண்ட கெட்டிப் பாறை என்று அடுக்கடுக்காக இருக்கும். பெய்த மழை மண்ணில் ஊறி, மக்கிய பாறையில் தங்கி, பிறகு வெடிப்புகளின் வழியே கீழே இறங்குகிறது.

ஆழமில்லாத கிணறு பெரும்பாலும் மேல் அடுக்கில் ஊறிய தண்ணீரைத்தான் வாங்குகிறது. அந்தத் தண்ணீர் நிலத்துக்குள் நெடுநாள் இருந்ததல்ல. அதனால் வீட்டுச் சாக்கடை, கழிப்பறைக் குழி, சாணக் குப்பை, வயலில் போட்ட உரம் என்று அக்கம்பக்கத்தில் நாம் விட்டதெல்லாம் அதில் வந்து சேர வாய்ப்புண்டு. பல நூறு அடி ஆழத்துக்குப் போட்ட போரில் நிலைமை வேறு. அங்கே தண்ணீர் பாறை வெடிப்புகளில் பல காலம் தங்கி, பாறையில் உள்ள உப்புகளையும் ஃபுளோரைடையும் கரைத்துக்கொள்கிறது. சுருக்கமாகச் சொன்னால், மேல் தண்ணீரில் மனிதர் விட்டது அதிகம் இருக்கும்; அடித் தண்ணீரில் பாறை கொடுத்தது அதிகம் இருக்கும். இரண்டும் கலந்து வரும் இடங்களும் உண்டு. ஆகவே “கிணறு மோசம், போர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று நினைப்பதும் தவறு, “போர் உப்பு, கிணறுதான் நல்லது” என்று நினைப்பதும் தவறு.

காலமும் தண்ணீரை மாற்றும். கோடையில் தண்ணீர் குறையும்போது கரைந்திருக்கும் உப்புகளின் செறிவு கூடலாம். முதல் மழை பெய்யும்போது நிலத்தின் மேல் கிடந்த அழுக்கும் கிருமியும் நைட்ரேட்டும் கிணற்றுக்குள் அடித்து வரப்படும். ஒரு முறை பார்த்து நல்லது என்று தெரிந்த கிணறு எப்போதும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதல் கேடு: கிருமி

1854இல் லண்டன் நகரின் பிராட் தெருவில் ஒரு அடிபம்பு இருந்தது. அதன் கீழே இருந்தது ஆழமில்லாத கிணறு. தண்ணீர் தெளிவாகவும் குடிக்கச் சுவையாகவும் இருந்ததால் அதற்குப் பெயர் உண்டு. அந்தத் தெருவை விட்டு வேறு பகுதிக்குக் குடிபோன ஒரு பெண்மணி, அந்தச் சுவைக்காகவே அந்தத் தண்ணீரைத் தன் வீட்டுக்கு வரவழைத்துக் குடித்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் அங்கே காலரா வெடித்தது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தொலைவில் இருந்த அந்தப் பெண்மணியும் இறந்தார். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, அவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று விசாரித்து, நோய் அந்தப் பம்பிலிருந்தே வந்தது என்று காட்டினார். பிறகு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து சில அடி தூரத்திலேயே ஒரு வீட்டின் கழிவுக் குழி இருந்தது தெரிந்தது. அதன் செங்கல் கட்டு சிதைந்து, கழிவு மண்ணுக்குள் கசிந்துகொண்டிருந்தது.

நம் தெருக்களில் உள்ள செப்டிக் டேங்குகளை நினைத்துப் பாருங்கள். அடியில் தளம் போடாமல் விட்ட குழிகள் எத்தனை! இரண்டரை சென்ட் மனையில் ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் கழிப்பறைக் குழி. கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும், கிணறு மேட்டுப் பக்கமாக இருக்க வேண்டும் என்பது பொதுச் சுகாதாரத் துறையினர் சொல்லும் விதி. நம்மைப் போன்ற பாறைப் பகுதியில் இந்த இடைவெளிகூடச் சில நேரம் போதாது. மணல் பூமியில் தண்ணீர் வடிகட்டப்பட்டு மெல்ல ஊறும். பாறை வெடிப்பிலோ குழாயில் ஓடுவது போல் நேராக ஓடிவிடும்.

கிணற்றின் கட்டுமானமும் முக்கியம். உட்சுவர் மேலிருந்து 20 அடி ஆழம் வரையாவது கசிவில்லாமல் பூசப்பட்டிருக்க வேண்டும். சுற்றுச்சுவர் இரண்டரை அடி உயரமாவது வேண்டும். கிணற்றைச் சுற்றி மூன்று அடிக்குச் சிமெண்ட் தளமும், சிந்தும் தண்ணீர் வெளியே ஓட வாய்க்காலும், மேலே மூடியும் இருப்பது நல்லது. கிணற்றடியில் துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது, ஆடு மாடு கட்டுவது, ஆளுக்கொரு வாளியை இறக்குவது ஆகிய எல்லாம் அழுக்கைக் கிணற்றுக்கே திருப்பி அனுப்பும் வேலைகள்.

வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை இப்படித்தான் ஒரே தெருவில் வீடு வீடாகப் பரவுகின்றன. இந்தக் கேட்டுக்கு மட்டும் வீட்டிலேயே எளிய மருந்து உண்டு: கொதிக்க வைப்பது. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆன பிறகு இறக்கி, அதே பாத்திரத்திலேயே மூடி ஆறவைக்க வேண்டும். வெதுவெதுப்பாகச் சுட வைப்பதால் பயனில்லை.

கிணறு முழுவதற்கும் பிளீச்சிங் பவுடர் போடலாம். அளவு தெரிந்து போட வேண்டும். கிணற்றின் விட்டத்தை அடியில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நிற்கும் தண்ணீரின் உயரத்தால் பெருக்கி, பிறகு 22ஆல் பெருக்கினால் ஏறத்தாழ எத்தனை லிட்டர் என்று வரும். 10 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 6 அடி தண்ணீர் இருந்தால் 10 × 10 × 6 × 22 = 13,200 லிட்டர். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் 33 கிராம் வேண்டும். அதை ஒரு வாளியில் சிறிது தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது. தெளிந்த தண்ணீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. இரவில் போட்டுக் காலையில் எடுப்பது வசதி. திறந்து வைத்து நமத்துப்போன பவுடரில் வீரியம் இருக்காது. தண்ணீர் கலங்கியிருந்தாலோ தெருவில் நோய் பரவியிருந்தாலோ இந்த அளவு போதாது. சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இரண்டாம் கேடு: நைட்ரேட்

கழிவு, சாணம், யூரியா ஆகியவற்றில் உள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரில் கரைந்து இறங்குகிறது. நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகளின் எருவைக் குவித்து வைக்கும் இடங்களும் இதில் சேரும்.

1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், உடல் நீலம் பாய்ந்த நிலையில் வந்த கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். இதயத்திலும் நுரையீரலிலும் கோளாறில்லை. பண்ணை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் புட்டிப்பால் கலந்து கொடுத்ததுதான் காரணம் என்று அவர் கண்டார். நைட்ரேட் குழந்தையின் உடலில் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடுகிறது. உதடும் நகமும் நீலமாகும்; கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கே இந்த அபாயம் மிக அதிகம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் இல்லை.

இந்தியக் குடிநீர்த் தர அளவான ஐ.எஸ். 10500 ஒரு லிட்டரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்கிறது. வேறு தண்ணீர் இல்லை என்ற காரணத்துக்காகவும் இதில் தளர்வு கிடையாது. தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். “நன்றாகக் காய்ச்சித்தான் பால் கலக்கிறேன்” என்பது கிருமிக்குச் சரியான பதில், நைட்ரேட்டுக்கு ஆகாது. பரிசோதனை செய்யாத கிணற்றுத் தண்ணீரில் புட்டிப்பால் கலக்க வேண்டாம்.

மூன்றாம் கேடு: ஃபுளோரைடு

இது பாறை கொடுப்பது. நம் பகுதிப் பாறைகளில் உள்ள சில கனிமங்கள் மெல்லக் கரையும்போது ஃபுளோரைடு தண்ணீரில் சேர்கிறது. 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரால் முதுகெலும்பு இறுகிக் குனிய முடியாமல் போனவர்களை மருத்துவர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். நம் அண்டை மாவட்டங்களான தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்தப் பாதிப்பு பரவலாக இருந்ததால்தான், ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்து ஊர் ஊராகக் கொண்டு செல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நிதியுதவியுடன் நடந்த அந்தத் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கும் நோக்கம் இருக்கிறது. ஒகேனக்கல்லைத் தாண்டி வரும் அதே காவிரிதான் நம் அணையில் நிற்கிறது.

ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது தர அளவு. அதற்கு மேல் போனால் முதலில் காட்டிக் கொடுப்பது பிள்ளைகளின் பல். ஈறுக்குள் நிலைப்பல் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், அதிக ஃபுளோரைடு சேர்ந்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழும். எவ்வளவு துலக்கினாலும் அது போகாது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் பாதிக்கும். இதுவும் கொதிக்க வைத்தால் போகாது. சோறு, குழம்பு, தேநீர் எல்லாவற்றிலும் அது சேரும். பள்ளிவாசல் போர் தண்ணீரில் பெரிய அண்டாவில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியிலும் சேரும்.

ஆலை அருகே கிணறு இருந்தால்

அணையை அடுத்து ரசாயன ஆலை, அலுமினிய ஆலை, அனல் மின் நிலையம் என்று மேட்டூர் ஒரு தொழில் நகரமாக வளர்ந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, மேட்டூரைக் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் வைத்தது. கழிவு வாய்க்காலுக்கோ சாம்பல் குட்டைக்கோ பக்கத்தில் கிணறு உள்ளவர்களுக்குச் சாதாரணப் பரிசோதனை போதாது. கன உலோகங்களுக்கும் சேர்த்துச் சோதிக்கும்படி கேட்க வேண்டும். இத்தகைய மாசுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. குடிப்பதை நிறுத்தி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பும் விற்பனையும்

உப்புக் கரிப்பதும், சோப்பு நுரைக்காததும், பருப்பு வேகாததும் நமக்கு உடனே தெரியும் குறைகள். கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறார்கள். 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2,000 வரை. ஆனால் டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது மொத்தத்தை மட்டுமே. அதில் நைட்ரேட் எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்று அது சொல்லாது. கிருமியை அது அறியவே அறியாது.

வீட்டுக்கு வரும் விற்பனையாளர்கள் சிலர் தண்ணீருக்குள் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். உங்கள் தண்ணீர் பழுப்பாகும். அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அந்தப் பழுப்பு இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாய்வதால் துரு வருகிறது. அதை அழுக்கு என்று நம்பிக் கடன் வாங்கி மெஷின் வாங்க வேண்டாம். ஆர்.ஓ. கருவி நைட்ரேட்டையும் ஃபுளோரைடையும் பெருமளவு குறைக்கும் என்பது உண்மை. ஆனால் தண்ணீரை வீணாக்கும். சவ்வை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பயன் குறையும். யு.வி. விளக்கு கிருமியை மட்டும் கொல்லும். கேடு எது என்று தெரிந்த பிறகே கருவியை முடிவு செய்ய வேண்டும்.

பரிசோதனை செய்வது எப்படி?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது; சேலத்திலும் நாமக்கல்லிலும் உண்டு. கட்டணம் கட்டித் தனிநபரும் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்கலாம். ஊராட்சிகளில் 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ், களப் பரிசோதனைப் பெட்டியைக் கொண்டு தண்ணீரைச் சோதிக்க ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

ரசாயனப் பரிசோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, இரண்டு லிட்டர் நிரப்பி மூட வேண்டும். பம்பு வைத்திருந்தால் சில நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடிக்க வேண்டும். மாடித் தொட்டித் தண்ணீர் ஆகாது. கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலில், உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, சில மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு முறை செய்வது நல்லது.

முடிவு வந்ததும் நான்கு வரிகளைப் பாருங்கள்: நைட்ரேட் 45க்குள் இருக்கிறதா, ஃபுளோரைடு 1க்குள் இருக்கிறதா, டி.டி.எஸ். எவ்வளவு, 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை கிருமி இல்லை என்று இருக்கிறதா. கிருமி மட்டும் இருந்தால் கொதிக்க வைப்பதும் பிளீச்சிங் பவுடரும், கிணற்றைச் சீர்செய்வதும் போதும். நைட்ரேட்டோ ஃபுளோரைடோ கூடியிருந்தால், குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குழாய்த் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு, கிணற்றைக் குளிக்கவும் துவைக்கவும் ஒளுவுக்கும் வைத்துக்கொள்ளலாம். நாலு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு இரண்டு குடம் போதும். செலவில்லாத வழி இதுதான்.

தர்மக் கிணறு

உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா கிணற்றை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கியதை நாம் அறிவோம். மறைந்த பெற்றோரின் பெயரில் போர் போட்டுக் கொடுப்பதும் அடிபம்பு வைப்பதும் ஸதகத்துல் ஜாரியாவாக நம்மிடையே நடந்து வருகிறது. அதைச் செய்ய நினைப்பவர்கள் வங்கதேசத்தில் நடந்ததைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குளத்துத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் இறப்பதைத் தடுக்க, 1970களில் அங்கே அரசும் யுனிசெஃபும் ஏராளமான குழாய்க் கிணறுகளைப் போட்டன. நல்ல எண்ணம், தெளிந்த தண்ணீர். ஆனால் அந்த மண்ணில் ஆர்செனிக் இருக்கிறதா என்று அப்போது சோதிக்கவில்லை. 1993இல்தான் ஆர்செனிக் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் அதைக் குடித்திருந்தார்கள். பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, குடிக்கலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு என்று பம்புகளுக்கு வண்ணம் அடித்தார்கள்.

நாம் அதை முன்கூட்டியே செய்யலாம். போர் போட்டுக் கொடுப்பவர்கள் அந்தச் செலவோடு பரிசோதனைக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த பிறகே குடிநீர் என்று பலகை வையுங்கள். ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் தன் கிணறு, போர், ஹவுள் தண்ணீரைச் சோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். குடிக்கத் தகுந்த குழாய்க்குப் பச்சை, ஒளுவுக்கு மட்டும் என்றால் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அது புரியும்.